நிறத்திலும் நீதி வேண்டும்

 

நம்மில் பலர் குடும்பத்தோடு ஏற்காடு சென்று வந்திருப்போம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஒண்டிக்கடையில் இறங்கி, ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு களித்துப் படங்களும் எடுத்திருப்போம். வீடு திரும்பி அவற்றைப் பார்க்கும்போதுதான் வியப்பு. மூடுபனியில் எடுத்த படத்தில் மகளின் முகம் நீலம் பாரித்திருக்கிறது. தோட்டத்து மரநிழலில் எடுத்ததில் பச்சை படர்ந்திருக்கிறது. அந்தியில் ஒண்டிக்கடையில் ஒரு கடை விளக்கின் கீழ் எடுத்ததில் மஞ்சள் பூசியதுபோல் தெரிகிறது. முகம் ஒன்று, நிறம் மூன்று. இது ஏன்?

விடை ஒளியில் இருக்கிறது. கி.பி. 965இல் பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைஸம், தம் மீது விழும் ஒளிக்கேற்பப் பொருள்களின் நிறம் மாறித் தோன்றுவதைத் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஆராய்ந்துள்ளார். அந்நூலின் ஆயிரமாண்டு நிறைவும் 2015ஆம் ஆண்டின் சர்வதேச ஒளி ஆண்டில் நினைவுகூரப்பட்டது.

ஒளியின் நிறத்தை இன்று 'கெல்வின்' என்னும் அளவால் குறிக்கின்றனர். மெழுகுவர்த்தி ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின், பழைய இழை பல்பு 2,800, நண்பகல் வெயில் 5,500, மேகமூட்டம் 6,500, திறந்தவெளி நிழல் 7,000க்கும் மேல். எண் குறையக் குறைய ஒளி செம்மஞ்சளாகும். கூடக் கூட நீலமாகும். எந்த ஒளியிலும் வெள்ளைத் தொப்பியை வெள்ளையாகவே காணும் ஆற்றலை அல்லாஹ் நம் பார்வைக்கு அருளியுள்ளான். கேமராவுக்கு அது இல்லை. அது ஊகிக்கிறது; சில வேளைகளில் தவறுகிறது.

இத்தவற்றைத் திருத்துவதே 'வெண்சமநிலை' எனப்படும் 'ஒயிட் பேலன்ஸ்'. இதற்கு உகந்தது 'ரா' கோப்பு. வழக்கமான ஜேபெக் படம் உப்பும் புளியும் சேர்த்து இறக்கிய குழம்பு. கூடிப்போன உப்பை முழுவதும் எடுக்க இயலாது. 'ரா' கோப்போ சமைக்காத பொருள். ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் 'ரா' கோப்பில் 16,384 படிகள். எனவே நிறத்தைப் பிறகு மாற்றினாலும் படம் கெடுவதில்லை. இன்று பல கைப்பேசிகளிலும் இவ்வசதி உண்டு. கணினியில் திருத்த டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

செய்முறை எளிது. படம் எடுக்கும் இடத்தில், முகத்தில் விழும் அதே ஒளியில் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்து முதற்படத்தை எடுங்கள். மென்பொருளில் சொட்டுக்குழாய் அடையாளத்தைத் தேர்ந்து அந்த அட்டையின் மீது அழுத்துங்கள். அவ்விடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் சமமாகும். படம் முழுவதும் அதற்கேற்பத் திருந்தும். அதே ஒளியில் எடுத்த மற்றப் படங்களுக்கும் அந்த அளவையே இடலாம். மரநிழலின் பச்சை எஞ்சியிருந்தால், 'டின்ட்' என்னும் அளவை மெஜந்தா பக்கம் சற்றே நகர்த்துங்கள்.

அட்டை இல்லையென்றால் வெள்ளைச் சட்டையில் அழுத்தலாமே என்பீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும். நம் வீட்டு வெள்ளையில் சொட்டு நீலம் கலந்திருக்கிறது. சலவைத் தூளில் உள்ள ஒளிரூட்டியும் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. அதை வெள்ளை என நம்பினால் மென்பொருள் மஞ்சளைக் கூட்டிவிடும். முகம் வெளிறி மஞ்சளாகும். வெயிலில் அளவுக்கு மீறி வெளுத்துப்போன இடத்திலும் அழுத்தக் கூடாது. அந்தியில் ஒருபுறம் கடை விளக்கும் மறுபுறம் நீல வானும் இருந்தால், ஒரே அளவு இரண்டுக்கும் பொருந்தாது. முகத்திற்குப் பொருந்துவதைக் கொள்ளுங்கள்.

நிழற்படம் குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நான் இங்கே புகவில்லை. எடுப்பது என்றான பின், அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சம்பந்தம் பேசும் வீடுகளில் இன்று முதலில் கைமாறுவது படமே. "கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்கள்" என்று கேட்பவரும் உளர்; கேளாமலேயே வெளுத்துக் கொடுப்பவரும் உளர். வெண்சமநிலை என்பது முகத்தை வெள்ளையாக்குவது அன்று. ஒளி ஏற்றிய கறையை நீக்கி, இயற்கை நிறத்தை உரியவருக்கே திருப்பித் தருவது. மாநிறம் மாநிறமாகவும் கருமை கருமையாகவும் நிற்பதே அதன் வெற்றி.

உலர்ந்த தானியத்தின் அடியில் நனைந்ததை மறைத்து விற்றவரை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. படத்தில் மறைத்த நிறம் நிக்காஹ் நாளில் வெளிப்படும்போது கூனிக்குறுகுபவள் யார்? ஒரு பாவமும் அறியாத அந்தப் பெண்தான். அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. வெளுக்கப்பட்ட தன் படத்தைப் பார்க்கும் மகள், "என் நிறம் என் பெற்றோருக்கே போதவில்லை" என்று மனத்துள் எழுதிக்கொள்கிறாள். மனிதரின் நிறங்கள் வேறுபட்டிருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயம் (30:22) எண்ணுகிறது. அத்தாட்சியை அழிப்பதற்கு நமக்கு உரிமை ஏது?

சகோதர சகோதரிகளே! அடுத்த முறை மலையேறும்போது பையில் ஒரு சாம்பல் அட்டையும் இருக்கட்டும். பிள்ளைகளின் முகத்தை உள்ளது உள்ளபடியே காட்டி, "இதுதான் அழகு" என்று அவர்கள் காதுபடச் சொல்லுங்கள். வல்ல இறைவன் நம் பார்வையையும் உள்ளத்தையும் நேர்மையாக்குவானாக! ஆமீன்.