வெள்ளைச் சீருடை போதுமா?



ஹேடோ துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள்கள் இன்று கட்டிலில் கிடக்கின்றன. கப்பலேறி வந்து இந்தத் தீவில் உழைத்த நம் மூத்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. பக்கவாதம், சர்க்கரை, இடுப்பெலும்பு முறிவு என்று படுத்துவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஓர் அத்தையை வரவழைக்கலாம் என்றால், இடையில் மூன்று நாள் கடல். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். ஆகவே ஏஜென்சி மூலம் ஆள் வைக்கிறோம். 'பெற்றவர்களைக் கூலியாளிடம் விட்டுவிட்டார்கள்' என்று பழிப்பவர்கள், இரவெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்து பேசட்டும்.

நம் கேள்வி வேறு. காசு கொடுத்து வாங்கும் இந்தப் பராமரிப்பின் தரத்தை யார் பார்க்கிறார்கள்? அரிசியில் கல் கிடந்தால் கடைக்காரரிடம் சண்டை போடுகிறோம். அப்பாவின் முதுகில் புண் வந்தால் மட்டும் 'விதி' என்கிறோம்! படுக்கைப் புண்ணில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. அதை விதி என்பது, கவனிக்கத் தவறியவர்களைத் தப்பவிடுவதாகும்.

சட்டம் என்ன செய்கிறது? பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகளைத் தீர்ப்பாயத்தில் நிறுத்த அதில் வழி உண்டு. வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சியைக் கேள்வி கேட்க அதில் வழியில்லை. அவற்றைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரம் விதிக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. நிறைவேறாமலே கிடந்து, 2024-ல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. ஏழையின் முதுகுப் புண்ணுக்கு நாடாளுமன்றத்தில் நேரமில்லை!

'சின்ன நிறுவனம், நம்மவர்கள் நாலு பேர் பிழைக்கிறார்கள், அவர்களைப் போய்ச் சோதிப்பதா?' என்று சிலர் கேட்கிறார்கள். சோதிக்கத்தான் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவர் தவறினால் பார்க்க இன்னொருவர் உண்டு. வீட்டின் நான்கு சுவருக்குள் பார்க்க யாருமில்லை. நன்றாக நடத்துகிறவர் சோதனைக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

வெள்ளைச் சீருடையையும் பளபளக்கும் அட்டையையும் பார்த்து ஏமாறாதீர்கள். முதுகையும் குதிகாலையும் பாருங்கள்: விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு இருந்தால் புண் தொடங்கிவிட்டது. உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, படுக்க வைத்தா என்று பாருங்கள். மூத்திரப் பை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்குகிறதா? சாப்பாடு இறங்காத நாளில் இன்சுலின் போடுமுன் டாக்டரைக் கேட்கிறார்களா? மருந்து கொடுத்த நேரம் நோட்டில் எழுதப்படுகிறதா? 'நர்ஸ்' என்று சொல்லிப் பணம் வாங்கினால் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பழகிய ஆள் லீவு போட்டால் யார் வருவார் என்று முன்கூட்டியே கேளுங்கள். ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அதுவே நம் ஆயுதம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதைக் கேட்கத்தான் நம்மில் பலர் தயங்குகிறோம். நாம் கொடுக்கும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது? அந்தக் காலத்துக் கங்காணி தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டதை நம் பாட்டன்மார் மறக்கவில்லை. இன்றைய கமிஷன் அதன் தம்பிதான். பகலில் ஒரு வீடு, இரவில் ஒரு வீடு என்று ஓடுகிறவள், உட்கார்ந்த இடத்தில் கண் அயர்ந்தால் அது அவள் குற்றமா? அவளுக்கும் வார விடுப்பு வேண்டும், தூக்கம் வேண்டும், சோறு வேண்டும். வீட்டுத் தொழிலாளர் உரிமைக்காக 2011-ல் உலகத் தொழிலாளர் அமைப்பு 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. முதலாளியிடம் நியாயக் கூலி கேட்டுக் கொடி பிடித்த நாம், நம் வீட்டுக்குள் கூலியைக் குறைத்தால் அந்தக் கொடிக்கு என்ன மரியாதை?

ஆகவே நாம் கோருகிறோம்: இந்தத் தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது, எனவே துணைநிலை ஆளுநரின் நிர்வாகமே வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளைப் பதிவு செய்யட்டும், தரம் விதிக்கட்டும், கூலியை உறுதி செய்யட்டும். அதுவரை சங்கம் கைகட்டி நிற்கக்கூடாது. தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், மாதம் ஒருமுறை வீட்டாரின் சம்மதத்தோடு போய்ப் பார்க்கட்டும். நோயாளியிடமும் கேட்கட்டும், பார்த்துக்கொள்பவளிடமும் தனியாகக் கேட்கட்டும். நல்ல ஏஜென்சியைப் பாராட்டுவோம், குறையுள்ளதைத் திருத்தச் சொல்வோம், திருந்தாததை விலக்குவோம்.

உழைத்து ஓய்ந்தவரின் முதுகும் உழைத்துக்கொண்டிருப்பவளின் கூலியும் ஒரே போராட்டத்தின் இரு பக்கங்கள். இரண்டையும் சேர்த்தே காப்போம்!