சாரத்து ஓட்டையை அடைக்காதீர்கள்

கரைவெட்டி ஏரிக்கு 2024 ஜனவரியில் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது அரியலூர், பெரம்பலூர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் பெருமைப்பட்டோம். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்காலில் வந்து நிரப்பும் ஏரி அது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்குகின்றன. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதோடு சேர்ந்து ஒரு பாகப்பிரிவினையும் நடந்துவிட்டது. பறவைக்குக் கரைவெட்டி, மனிதனுக்கு ஊர்!

நான் பெரம்பலூரில் வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி. ஊருக்குள் எந்தப் பறவை தங்கும், எது கிளம்பிப் போகும் என்பதை வனத்துறையைவிட எங்கள் கரண்டிதான் அதிகம் முடிவு செய்கிறது.

முன்பெல்லாம் சுவர் எழும்ப எழும்ப சவுக்குக் கட்டையைச் சுவருக்குள்ளேயே செருகிச் சாரம் கட்டுவோம். வேலை முடிந்து சாரத்தைப் பிரித்தால் சுவரெங்கும் ஓட்டை. முன்பக்கத்தைப் பூசி அடைத்துவிடுவோம். காசு தீர்ந்துபோன வீட்டுக்காரர் பின்பக்கத்தையும் பக்கச் சுவரையும் பூசாமல் விடுவார். அந்த ஓட்டைகளில் சிட்டுக்குருவி வரும், மைனா வரும். நாட்டு ஓட்டு வீடென்றால் கைமரத்துக்கும் சுவர்த் தலைக்கும் நடுவே இடுக்கு இருக்கும். பறவைக்கென்று யாரும் விட்டதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின் இடுக்குகளையும் ராஜேந்திர சோழன் கிளிக்கும் மைனாவுக்கும் என்று திட்டம் போட்டு வைத்திருக்க மாட்டான்.

இப்போது இரும்புச் சாரம். சுவரைத் துளைக்காமலே நிற்கும். பூச்சு, பட்டி, பெயின்ட் என்று சுவர் வழவழப்பாகிவிடுகிறது. வெண்டிலேட்டருக்குக் கொசுவலை, கடை முகப்புக்குக் கண்ணாடியும் அலுமினியத் தகடும். இதில் மாடப்புறாவுக்கு மட்டும் கொண்டாட்டம். அதற்குப் பொந்து தேவையில்லை. சன்ஷேடு மேலோ ஏசி பெட்டிக்குப் பின்னாலோ நான்கு குச்சியைப் போட்டு முட்டை வைத்துவிடும். அதனால்தான் பேருந்து நிலையத்தில் அண்ணாந்து பார்ப்பவருக்கு ஏதும் குறைந்ததாகத் தெரிவதில்லை. பறவைகள் நிறையத்தான் இருக்கின்றன, வகைதான் சுருங்கிப்போகிறது.

மரம் நடுகிறோமே என்பார்கள். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்க 2022 செப்டம்பரில் பசுமை இயக்கம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் எத்தனை கன்று நட்டோம் என்று கேட்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள், என்ன மரம் என்று யாரும் கேட்பதில்லை. நாற்கரச் சாலையின் நடுவே அரளி வைக்கிறார்கள். பார்வைக்கு அழகு. குயிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் அதில் என்ன இருக்கிறது? ஓர் ஆலோ அரசோ அத்தியோ காய்த்தால் ஊரிலுள்ள பழம்தின்னிகள் எல்லாம் அங்கேதான் கூடும். வீட்டு வாசலிலோ பேவர் பிளாக். புழுதிக் குளியலுக்கு மண்ணில்லை, கொண்டலாத்தி குத்திக் கிளற இடமில்லை. நெல் தின்னும் குருவியானாலும் குஞ்சுக்குப் பூச்சி ஊட்டித்தான் வளர்க்கும். அந்தப் பூச்சிக்குச் செடியும் மண்ணும் வேண்டும்.

உயிருள்ள மரத்தைவிடப் பட்டுப்போன மரத்துக்குத்தான் நம்மிடம் இரக்கம் குறைவு. செம்மார்புக் குக்குறுவான் காய்ந்த கிளையைக் குடைந்துதான் கூடு வைக்கும். தலை போன மொட்டைப்பனையில் கிளியும் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் ஒண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். மொட்டைப்பனையை ஒரு மரம் என்றே நாம் கணக்கில் வைப்பதில்லை. சாலை ஓரத்தில் காய்ந்த கிளை ஆபத்துதான், வெட்டட்டும். ஆள் நடமாட்டமே இல்லாத ஏரிக்கரைக் கோடியில் நிற்பதை ஏன் சாய்க்க வேண்டும்?

மறுபடி சுவருக்கு வருவோம். இங்கிலாந்தில் பிரைட்டன் நகராட்சி 2020-இல் ஒரு நிபந்தனை போட்டது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எழும் புதுக் கட்டடங்களில் உழவாரன் குருவிக்கென்று பொந்துள்ள செங்கல் வைக்க வேண்டும். நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுக்காத வீட்டுக்காரர் உண்டா? இன்று அது இல்லாமல் யாரும் வரைபடம் போடுவதில்லை. அரியலூர் மண்ணைத் தோண்டி எடுத்த சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட்டாகி எத்தனையோ ஊர்களில் பொந்தில்லாத சுவராக நிற்கிறது. முதல் பொந்துச் சுவரும் இங்கேயே எழும்பட்டுமே. பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று அரசுக் கட்டடங்களிலிருந்து தொடங்கலாம்.

"ஓட்டை விட்டா பாம்பு ஏறாதா மேஸ்திரி?" என்று ஒரு வீட்டுக்கார அம்மா கேட்டார். நியாயமான பயம். பன்னிரண்டு அடிக்கு மேல், பக்கத்தில் குழாயும் கொடியும் இல்லாத வெறுஞ்சுவரில் வைத்தால் பாம்புக்குப் பிடிமானம் இருக்காது. கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஒரு செங்கல் அளவுக்கு உள்ளே இடம் விட்டு, வெளிமுகத்தில் ஒன்றேகால் அங்குலத் துளை வைத்தால் போதும். சிட்டுக்குருவி நுழையும், மாடப்புறா நுழையாது. மைனாவுக்கு வேண்டுமானால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். கிழக்குச் சுவரிலோ வடக்குச் சுவரிலோ வையுங்கள். மேற்குச் சுவர் வேண்டாம், எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் குஞ்சு வெந்துவிடும்.