இரும்பு மனிதர் வீட்டுக் கணக்கு

உங்கள் அலுவலகத்தில் நிச்சயம் ஒருவர் இருப்பார். நாற்பதைத் தாண்டியவர். போன வருடம் வரை லிஃப்டுக்குக் காத்து நின்றவர், இப்போது ஆறு மாடி படியேறி வருகிறார். மதியச் சாப்பாட்டில் சாதத்தைப் பாதியாக்கிவிட்டார். நீங்கள் கேட்காமலேயே தன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு எத்தனை என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார். சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கு ஈ.சி.ஆர். சாலையில் சைக்கிளோடு நிற்பார். விசாரித்துப் பாருங்கள், கோவாவுக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்.

கோவா என்றதும் நீங்கள் நினைக்கிற கோவா இல்லை. பனாஜியில் மிராமர் கடற்கரை என்று ஒன்று இருக்கிறது. அங்கே 2019 அக்டோபரில் முதன்முதலாக ‘அயர்ன்மேன் 70.3’ என்ற டிரையத்லான் போட்டி நடந்தது. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல். கரையேறி 90 கிலோமீட்டர் சைக்கிள். அதை நிறுத்திவிட்டு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கூட்டிப் பார்த்தால் 70.3 மைல், நம் கணக்கில் 113 கிலோமீட்டர். எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தால் கழுத்தில் மெடல். கொரோனாவால் 2020, 2021ல் நடக்கவில்லை. 2022ல் மறுபடி ஆரம்பித்தார்கள். 2024 அக்டோபரில் பெங்களூர் எம்.பி. தேஜஸ்வி சூர்யா முடித்தார், பிரதமர் பாராட்டினார். 2025 நவம்பரில் நம்மூர் அண்ணாமலையும் முடித்தார். இனிமேல் கேட்கவா வேண்டும்! தெருவுக்கு ஒருவர் கிளம்பிவிடுவார்.

‘இதில் உமக்கு என்ன வயிற்றெரிச்சல்?’ என்பீர்கள். ஒன்றுமில்லை. என்னால் 21 கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போவதே சிரமம். கடலில் இறங்கி நீந்துகிறவரிடம் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. என் கேள்வி வேறு. இவர் கோவாவுக்குத் தனியாகப் போவதில்லை. மனைவி, குழந்தைகளோடு போகிறார். ‘ஃபேமிலி டிரிப்’ என்று ஊரெல்லாம் சொல்கிறார். அந்த ஃபேமிலி அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது?

வெள்ளிக்கிழமை விமானம். சைக்கிளை அப்படியே ஏற்ற முடியாது. பெடலைக் கழற்றி, சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகிற பச்சைக் குழந்தையைப் போல எடுத்துப்போக வேண்டும். விமான நிலையத்தில் அந்தப் பெட்டி அப்பா கையில். மற்ற எல்லாப் பெட்டிகளும், தூங்கி வழிகிற பிள்ளையும், அம்மா கையில். ஓட்டல் அறையில் பாதி சைக்கிளுக்கு. சனிக்கிழமை முழுக்கப் பதிவு, சைக்கிளைக் கொண்டுபோய் ஒப்படைப்பது, டயருக்குக் காற்று. வயிற்றைக் கெடுத்துவிடும் என்று மீன் குழம்பு கிடையாது. கோவாவுக்குப் போய்த் தயிர்சாதம் தேடி அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு விளக்கை அணைத்தாக வேண்டும், அப்பா தூங்கணும். பிள்ளைகள் இருட்டில் குசுகுசுவென்று பேசினாலும் திட்டு. ஞாயிறு காலை நாலு மணிக்கு அலாரம்.

2022 நவம்பரில் நான் அந்தக் கடற்கரையில் இருந்தேன், வேறொரு வேலையாகப் போனது. சென்னை அண்ணாநகரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியோடு பேசினேன். வங்கியில் அதிகாரி. மடியில் ஆறு வயசுப் பையன், தோளில் இரண்டு பைகள், கையில் சைக்கிள் பம்ப். நிழலே இல்லை.

“எத்தனை தடவை அவரைப் பார்த்தீங்க?” என்று கேட்டேன்.

“தண்ணியிலேர்ந்து வந்தப்ப ஒரு தடவை சார். அதுவும் அவர்தானான்னு சந்தேகம், எல்லாரும் ஒரே மாதிரி தொப்பி. சைக்கிள்ல சர்ருனு போனாரு. இவன் ‘அப்பா’ன்னு கத்தறதுக்குள்ள தாண்டிட்டாரு. எல்லாம் சேர்த்தா ஒரு நிமிஷம் இருக்கும்.”

“உங்களுக்கு வாரத்துக்குப் பத்து மணி நேரம் தனியா கிடைச்சா என்ன செய்வீங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “தூங்குவேன் சார்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் படித்தது பி.காம். பத்திரிகைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் முதல் வருடப் பாடம் மட்டும் மறக்கவில்லை. ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். எங்கேயும் எழுதாமல் ஒரு தொகை வந்து நின்றால், யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தப் பாதி அயர்ன்மேனுக்கே வாரத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி வேண்டும். பத்து என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 26 வாரம், 260 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 32 நாளுக்கும் மேலே. ஒரு மாதச் சம்பள நாட்களைவிட அதிகம். இந்த 260 மணி நேரம் வானத்திலிருந்து விழவில்லை. ஆபீஸிலிருந்தும் எடுக்கவில்லை, அங்கே எடுத்தால் வேலை போய்விடும். அப்படியென்றால் யாருடைய பேரேட்டிலிருந்து எடுத்தது?

மத்திய அரசே 2024ல் ஒரு ஆய்வு நடத்தியது. நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று பெயர். சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்கிறவர்களில், ஒரு பெண் அதற்கு ஒரு நாளில் கொடுப்பது சராசரியாக 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். குழந்தையைக் கவனிப்பது இதில் சேரவில்லை, அது தனிக் கணக்கு. இதற்கு முன் 2019ல் இதே ஆய்வில் பெண்ணுக்கு 299, ஆணுக்கு 97. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. பரவாயில்லையே என்று பார்த்தால், நம்ம ஆளு ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்!

அந்த 88ஐ ஏழால் பெருக்குங்கள். 616 நிமிடம். வாரத்துக்குப் பத்து மணி நேரமும் கொஞ்சமும். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான், துடைப்பத்தையே தொடாத மகராசர்கள் இதில் இல்லை. டிரையத்லான் பயிற்சிக்கும் அதே பத்து மணி நேரம். ஒரு ஆண் வீட்டுக்குச் செய்கிற மொத்த வேலையும் எவ்வளவோ, அவ்வளவு நேரத்தை இந்தப் போட்டி கேட்கிறது. சனிக்கிழமை காய்கறி, பிள்ளையின் பாட்டு கிளாஸ், மாமியாரின் கண் டாக்டர், கேஸ் சிலிண்டர் எல்லாம் யார் தலையில் போய் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது இந்தப் போட்டி பிறந்த அன்றே ஆரம்பித்த கதை. 1978 பிப்ரவரி 18, ஹவாயில் ஒவாஹூ தீவு. ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் சேர்ந்து தொடங்கியது முதல் அயர்ன்மேன். அது முழு தூரம். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 15 பேர் புறப்பட்டார்கள், 12 பேர் முடித்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். இப்போது மாதிரி வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் எல்லாம் கிடையாது. தண்ணீர், சாப்பாடு கொடுக்க அவரவர் ஆட்களை அவரவரே கூட்டிவர வேண்டும். இரண்டாவதாக வந்த ஜான் டன்பருடைய ஆட்களிடம் பாதி ஓட்டத்தில் தண்ணீர் தீர்ந்து, கடைசியில் பீரைக் கொடுத்தார்கள். ஜெயித்த கார்டன் ஹாலரின் பெயரை அயர்ன்மேன் வரலாறு எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள். தண்ணீர் நீட்டியவர்களின் பெயரை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்?

‘பெண்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று ஒரு குரல் வரும். அடுத்த வருடமே, 1979ல், லின் லெமேர் என்ற பெண் கலந்துகொண்டார். அந்தப் போட்டியில் ஒரே பெண் அவர்தான். மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். ஏழு ஆண்களை விட்டுவிட்டு வந்திருக்கிறார்! உடம்பு எப்போதோ ஒத்துழைத்துவிட்டது. நேரம்தான் ஒத்துழைப்பதில்லை.

2022 அக்டோபரில் ஹவாயின் கோனாவில் உலக சாம்பியன் ஆன செல்சீ சொடாரோவுக்கு அப்போது ஒன்றரை வயசில் ஒரு பெண் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு தனக்கு வந்த மனப்பதற்றத்தைப் பற்றி அவர் மறைக்காமல் பேசினார். அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் ‘அம்மா’ என்பதைத் தலைப்பில் வைத்தார்கள். எழுதட்டும், பெரிய விஷயம்தான். ஆனால் கோவாவில் முடித்து வருகிற எந்த அப்பாவிடமாவது, “ஆறு மாசம் குழந்தையை யார் சார் பார்த்துக்கிட்டாங்க?” என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டால் அவருக்கே கேள்வி புரியாது.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கொதிப்பார். ‘அவன் குடிக்கிறதில்லை, சீட்டாடறதில்லை. உடம்பைப் பார்த்துக்கறான். அதுவும் குத்தமா?’ ஐயா, குடிக்காமல் இருப்பதற்காக ஒரு மனிதனுக்கு வாரத்துக்குப் பத்து மணி நேரம் போனஸ் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அவர் மனைவியும்தான் குடிப்பதில்லை. அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

‘அவளுக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு, என்னைவிட அவதான் என்கரேஜ் பண்றா’ என்பார் இன்னொருவர். இருக்கலாம். கணவர் கரையேறும்போது கண் கலங்கிக் கைதட்டிய பெண்களையும் அங்கே பார்த்தேன், அது நடிப்பு இல்லை. பிரியம் வேறு, வேலை வேறு. பிரியத்தோடு செய்கிறார் என்பதற்காக அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. நம் வீடுகளில் சமையலை அப்படிச் சொல்லித்தான் இத்தனை தலைமுறையாகக் கூலி கொடுக்காமல் ஓட்டினோம்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது போட்டி முடிந்த பிறகு வருகிற அந்த போட்டோதான். பிள்ளையின் கழுத்தில் மெடல், பக்கத்தில் வெயிலில் கறுத்துப்போன மனைவி, கீழே ‘இவள் இல்லாமல் நான் இல்லை’ என்று ஒரு வரி. ஐநூறு பேர் இதயம் போடுகிறார்கள். நன்றி சொல்லியாகிவிட்டது, கணக்கு நேர் என்று நினைக்கிறார்கள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது ஒரு கும்பிடு போட்டு அனுப்பிப் பாருங்களேன், போவாரா?

அதற்காகப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போங்கள், நீந்துங்கள். கோவாவில் மூன்று பேர் சேர்ந்து செய்கிற ரிலே பிரிவும் இருக்கிறது. ஒருவர் நீந்தலாம், ஒருவர் சைக்கிள் ஓட்டலாம், ஒருவர் ஓடலாம். நீங்கள், மனைவி, மச்சான் என்று ஒரு அணி போட்டால் மூன்று பேருக்கும் மூன்றில் ஒரு பங்கு பயிற்சி, மூன்றில் ஒரு பங்கு வீட்டு வேலை. ஆனால் ரிலேவில் போனால் பெயருக்குப் பின்னால் ‘அயர்ன்மேன்’ என்று போட்டுக்கொள்ள முடியாது. அங்கேதான் பல பேருக்கு இடிக்கிறது.

அவருக்கு ஓட்டத்தில் துளியும் ஆசை இல்லையா? நல்லது. அண்ணாநகர் அம்மாவைப் போலத் தூங்கட்டும். நீங்கள் எடுத்த அதே பத்து மணி நேரத்தை அவர் என்ன செய்கிறார் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இல்லை. உங்களை யாரும் கேட்கவில்லையே.

அடுத்த போட்டிக்கான விண்ணப்பத்தைத் திறப்பீர்கள். அதில் ‘அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்ள வேண்டும்?’ என்று ஒரு கட்டம் இருக்கும். தனியாகப் போட்டியிடுகிறவரின் படிவத்தில் மனைவியின் பெயர் வருகிற இடம் அது ஒன்றுதான். அதை நிரப்புவதற்கு முன்னால் எழுந்து சமையலறைக்குப் போங்கள். காலண்டரில் வரப்போகிற 26 சனிக்கிழமைகளையும் பிரியுங்கள். 13 உங்களுக்கு, 13 அவருக்கு. அவருடைய சனிக்கிழமையில் காலை இட்லி உங்கள் பொறுப்பு, பாட்டு கிளாஸ் உங்கள் பொறுப்பு, கேஸ்காரர் வந்தால் கதவைத் திறப்பது உங்கள் பொறுப்பு. அவர் அறைக் கதவு சாத்தியிருக்கும், “அந்தப் பச்சை டப்பா எங்கே இருக்கு?” என்று கேட்டு எழுப்பக் கூடாது. பயிற்சிக்கு 13 சனிக்கிழமை போதாது என்று உங்கள் கோச் சொன்னால், அடுத்த வருடம் போய்க்கொள்ளுங்கள், மிராமர் எங்கேயும் ஓடிவிடாது.

முக்கியமாக, காலண்டரில் பேனாவால் எழுதுங்கள். பென்சில் என்றால் இரண்டாவது வாரமே ரப்பர் தேடுவீர்கள்.