சன்னிதி எழுப்பிய இசையரசி

திருவையாற்றுக் காவிரிக் கரையில் சிதிலமுற்றுக் கிடந்த ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்கு ஆலயம் எழுப்பி, 1925ஆம் ஆண்டில் குடமுழுக்குக் காணச் செய்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் 1878இல் தோன்றிய அம்மையார், கச்சேரி மேடைகளில் ஈட்டிய பொருளை அத்திருப்பணிக்கே ஈந்தார். ஆயினும், அவர் பொருளால் எழுந்த அச்சன்னிதியில் பெண்கள் பாட இடமில்லை என்றனர் அக்கால விழாக் குழுவினர்! அம்மையார் சளைத்தாரில்லை, 1927 முதல் பெண்களுக்கெனத் தனி ஆராதனையே நடத்தினார். 1952இல் மறைந்த அவரது சிலை இன்றும் சுவாமிகளின் சன்னிதியை நோக்கி அமர்ந்திருக்கிறது.

லாபிஸ் வட்டாரத் திருவிழாக்களில் தேவாரம் ஓதும் பெண்பிள்ளைகளுக்கு, உரைகளும் உபயதாரர் மரியாதையும் முடிந்து கூட்டம் கலைந்த பிறகே பெரும்பாலும் ஒலிபெருக்கி கிட்டுகிறது. இவ்வாண்டு தீபாராதனை முடிந்தவுடன் முதல் ஒரு மணி நேரம் அவர்களுக்கே ஒதுக்கப்படுதல் வேண்டும். உபயதாரப் பெருமக்கள் சற்றே காத்திருக்கலாம்.