வாசலுக்கு எந்தத் தரை?

சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வழக்கம்போல் கோலமிட வாசலுக்குச் சென்ற என் மனைவி, இரண்டடி வைப்பதற்குள் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வழுக்கிவிட்டது, நானே விரும்பித் தேர்ந்தெடுத்துப் பதித்த பளபளப்பான டைல்ஸ்.

வங்கிப் பணியில் வீட்டுக்கடன் மதிப்பீடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். வாசல் தரைக்கான செலவு பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும். கையிருப்பு கரைந்த பிறகு அவசரத்தில் எடுக்கும் முடிவு அது. என் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. கார் நிற்க வேண்டும், பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று எண்ணினேனே தவிர, நாள்தோறும் அங்கே நடக்கும் கால்களை எண்ணவில்லை. தரையை மாற்ற முற்பட்டபோது அறிந்துகொண்டவை, முதியோர் உள்ள வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சிமென்ட் கான்கிரீட் தரைக்குச் செலவு குறைவு. காரின் எடையையும் தாங்கும். ஆனால் மேற்பரப்பை மழமழப்பாக இழைக்க விடக்கூடாது. ஈரம் காயுமுன் துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். குறைந்தது 7 நாட்கள் நீர் நிறுத்தாவிட்டால் வெடிப்பு விடும். மழைநீர் இதன் வழியே மண்ணுக்குள் இறங்காது என்பது இதன் குறை.

மெருகேற்றிய கிரானைட், ஈரத்தில் டைல்ஸைப் போலவே வழுக்கும். தீச்சுவாலையால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கல்லைக் கடைகளில் ‘ஃப்ளேம்டு’ என்பார்கள். அதில் காலுக்கு நல்ல பிடிப்பு உண்டு. நண்பகலில் கல் எப்படிச் சுடும் என்பதைக் கோயில் பிராகாரத்தை வலம் வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, பேவர் பிளாக். வீட்டுக் காருக்கு 60 மி.மீ. தடிமன் போதும். கெட்டிப்படுத்திய தரையில் மணல் பரப்பிக் கற்களை அடுக்கி, இடுக்குகளையும் மணலால் நிரப்பினால் மழைநீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். உடைந்த கல்லை மட்டும் எடுத்து மாற்றலாம். ‘அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்கில் சிமென்ட் பூசினால்தான் உறுதி’ என்று வேலை செய்பவர் சொல்வார். அதற்கு இணங்கினால் நீர் இறங்கும் வழி அடைபடும். தரையைச் சரியாகக் கெட்டிக்காவிட்டாலோ, சில கற்கள் அமிழ்ந்து, விளிம்பு காலைத் தட்டும். மழைக்காலத்தில் பாசியைத் தேய்த்துக் கழுவுவதும் அவசியம்.

தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரைக் குழிக்கு அனுப்பும் நாம், வாசலில் விழும் நீரைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறோம். வாசல், வீட்டிலிருந்து விலகிச் சரிய வேண்டும். 50 அடிக்கு 1 அடி, அதாவது 20 அடி நீளத்துக்கு ஏறத்தாழ 5 அங்குலம். வாயிற்கதவின் உட்புறம் கம்பிச்சட்டம் மூடிய சிறு கால்வாய் அமைத்து, அந்நீரையும் குழியில் சேர்க்கலாம்.

இவற்றையெல்லாம் கணக்கிட்டு, முழுவதும் பேவர் பிளாக் என்று முடிவு செய்தேன். கையில் கட்டோடு அமர்ந்திருந்த மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: “எல்லா இடத்திலும் இந்தக் கல்லைப் போட்டுவிட்டால், நான் எங்கே புள்ளி வைப்பது?” உண்மைதான், கற்களின் இடுக்கில் மாவு விழுந்து, இழை அறுபட்டுப் போகும்.

ஆகவே, கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் பேவர் பிளாக் அடுக்கினோம். கதவிலிருந்து படி வரை மூன்றடி அகலத்துக்கு ஃப்ளேம்டு கிரானைட். அதன் ஓரத்தில் கைப்பிடி. கதவை ஒட்டி, கோலத்துக்கென நான்கடிச் சதுரத்தில் துடைப்பக் கோடிட்ட சிமென்ட் தரை. இவை அனைத்துக்கும் ஆன செலவு, மருத்துவச் செலவைவிடக் குறைவு.

அன்பர்களே, வாசல் தரையை மாற்ற எண்ணுவோர், முதலில் கடையிலிருந்து ஒரு மாதிரித் துண்டை வாங்கி வந்து வீட்டில் வையுங்கள். அதில் நீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஈரக் காலால் அழுத்திப் பாருங்கள். வாசலை அதிகம் புழங்குபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என் மனைவி மறுபடியும் கோலமிடுகிறார். மணிக்கட்டு இன்னும் முழுவதும் வளையாததால், இப்போதைக்குச் சிறிய கோலம்தான்.