எந்திரத்துக்கு வண்டிச் சத்தம் யார் கொடுப்பது?

"மூன்று மணி நேர வேலைக்கு இவ்வளவு பணமா?"

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் சிறு காண்டிராக்டர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கேட்பவர் வீட்டுக்காரர். அவர் கண்ணால் பார்த்தது மூன்று மணி நேர வேலைதான். எந்திரம் வந்தது. மேட்டை வெட்டியது. பள்ளத்தை நிரப்பியது. போய்விட்டது.

அவர் கண்ணில் படாத வேலை ஒன்று உண்டு. நாலு டன் எடையுள்ள அந்த எந்திரத்தை வண்டியில் ஏற்ற வேண்டும். சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். ஊர் விட்டு ஊர் கொண்டுவந்து இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி ஏற்றிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். இதற்குக் கூலி யார் கொடுப்பது?

வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். அதைத் தனியாக எழுதி, வேலை தொடங்குமுன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்படுகிற காண்டிராக்டர் தன் குடும்பத்தின் சோற்றில் கை வைக்கிறார். சாலையில் போகிற பிறருடைய உயிரோடும் விளையாடுகிறார்.

மாட்டுவண்டிக்குக் கொடுக்கும் வாடகையை நம் ஊரில் "வண்டிச் சத்தம்" என்று சொல்வார்கள். நெல் மூட்டையின் விலை வேறு. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சத்தம் வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. எந்திரம் என்று வந்ததும்தான் குழப்பம் வருகிறது.

வான்கோழிக் கொட்டகையில் பிறந்தது

இந்த எந்திரத்தின் கதை சுவையானது.

மினசோட்டா மாநிலத்தில் ரோத்சே என்று ஒரு சிற்றூர். அங்கே சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்ற சகோதரர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் வான்கோழி வளர்க்கும் பண்ணைக்காரர் ஒருவருக்கு ஒரு தொல்லை. கொட்டகையில் சேருகிற எருவை அள்ளி வெளியே போடவேண்டும். உள்ளே தூண்கள் அதிகம். டிராக்டர் நுழைந்தால் திரும்ப முடியாது.

1957-ம் ஆண்டு கெல்லர் சகோதரர்கள் அவருக்காக மூன்று சக்கரமுள்ள சிறிய எந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அது நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பியது! அடுத்த ஆண்டே வடக்கு டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த மெல்ரோ நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டு அதைத் தயாரிக்க முன்வந்தது. 1960-ம் ஆண்டு நான்கு சக்கர எந்திரம் வந்தது. 1962-ம் ஆண்டு அதற்கு "பாப்கேட்" என்று பெயர் சூட்டினார்கள். பாப்கேட் என்பது அந்த நாட்டுக் காட்டுப்பூனை.

பிறகு சக்கரம் இருந்த இடத்தில் ரப்பர் பட்டை வந்தது. ராணுவ டாங்கியின் சங்கிலிப் பட்டையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே இருக்கும், ஆனால் ரப்பர். ஜப்பான் நாட்டு டாகெயூச்சி நிறுவனம் 1986-ம் ஆண்டில் இத்தகைய சிறிய எந்திரத்தைக் கொண்டுவந்தது. இதற்குத்தான் "டிராக் லோடர்" என்று பெயர்.

பட்டை அகலமானது. அதனால் எடை ஓர் இடத்தில் குத்தாமல் பரவி விழுகிறது. மழை பெய்து நனைந்த தோட்டத்தில்கூட எந்திரம் புதைவதில்லை. தோட்டக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஒரு குறையும் உண்டு. நம் ஊரில் ஜே.சி.பி. தன் டயரிலேயே உருண்டு ஊர் விட்டு ஊர் வந்துவிடும். டிராக் லோடருக்கு அது ஆகாது. தார்ச் சாலையில் ஓட்டினால் ரப்பர் தேய்ந்துபோகும். ஒரு ஜோடி பட்டைக்குப் பல ஆயிரம் டாலர் விலை. தோட்ட மண்ணிலேயே ஓட்டினாலும் அதன் ஆயுள் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரத்திலிருந்து இரண்டாயிரம் மணி நேரம்வரைதான். அதனால் எங்கே போனாலும் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் போக வேண்டும். பல்லக்கில் போகிற ராஜாவைப்போல!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு சிறு காண்டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அவரே முதலாளி, அவரே டிரைவர். கணக்கு எழுதுவது அவர் மனைவி. அமெரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பத் தொழில்கள் நிறைய உண்டு. புது எந்திரம் வாங்க அறுபது, எழுபது ஆயிரம் டாலராவது வேண்டும். பெரும்பாலும் கடன்தான். மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும்.

அவர் மணிக்கு 125 டாலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை மூன்று மணி நேரம். கிடைப்பது 375 டாலர். கேட்கப் பெரிய தொகையாகத் தெரிகிறது அல்லவா?

வேலை இருக்கும் இடம் 30 மைல் தூரம். அதாவது 48 கிலோமீட்டர். காலையில் எந்திரத்தை ஏற்றிக் கட்ட 20 நிமிடம். பயணம் 40 நிமிடம். அவிழ்த்து இறக்க 20 நிமிடம். திரும்பும்போதும் இதே கதை. மொத்தம் 2 மணி 40 நிமிடம். வேலை நேரத்தையும் சேர்த்தால் 5 மணி 40 நிமிடம் ஆகிறது.

அவருடைய உழைப்புக்கு மணிக்கு 40 டாலர் போட்டால் 227 டாலர். எந்திரத்தின் தேய்மானம், எண்ணெய், பட்டை, வட்டி எல்லாவற்றுக்கும் மணிக்கு 35 டாலர் போட்டால், மூன்று மணி நேரத்துக்கு 105 டாலர். இழுத்துச் செல்லும் லாரிக்கும் டிரெய்லருக்கும் மைலுக்கு ஒன்றரை டாலர் வீதம் 60 மைலுக்கு 90 டாலர். கூட்டினால் 422 டாலர்!

வந்தது 375. செலவு 422. நாள் முழுக்க உழைத்து 47 டாலர் நஷ்டம்!

இந்தத் தொகைகள் ஒரு கணக்குக்காகப் போட்டவை. இடத்துக்கு இடம் மாறும். ஆனால் நஷ்டம் எந்த வழியாக வருகிறது என்பது மாறாது. வழியில் போன 2 மணி 40 நிமிடத்துக்கும், 60 மைலுக்கும் சேர்த்து 197 டாலர் செலவாகிறது. அதை யாரும் கொடுக்கவில்லை. அவர் தன் கையிலிருந்து கொடுத்தார். அன்றைக்கு அது தெரியாது. பட்டை தேய்ந்து, புதுப் பட்டை வாங்கப் பணம் இல்லாமல் நிற்கும்போதுதான் தெரியும்.

"மணிக்கூலியை உயர்த்திவிட்டால் போயிற்று! தனியாக எதற்கு வண்டிச் சத்தம்?" என்று சிலர் சொல்கிறார்கள்.

அது நியாயமல்ல. ஒரு வீட்டில் மூன்று மணி நேர வேலை. இன்னொரு வீட்டில் முப்பது மணி நேர வேலை; எந்திரம் அங்கேயே நாலு நாள் நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் வண்டிச் சத்தம் ஒன்றுதான். முதல் வீட்டில் அதைப் பங்கிட்டால் மணிக்கு 66 டாலர் விழுகிறது. இரண்டாவது வீட்டில் மணிக்கு 7 டாலர்கூட விழவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி மணிக்கூலியை ஏற்றினால், பெரிய வேலை கொடுத்தவர் சின்ன வேலைக்காரரின் வண்டிச் சத்தத்தையும் சேர்த்துக் கட்டுகிறார். அவர் ஏன் கட்ட வேண்டும்?

நாலு சங்கிலி

பணம் போனால் ஒரு குடும்பத்தோடு போயிற்று. சங்கிலி அறுந்தால் அப்படியல்ல.

நாலு டன் இரும்பு நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முன்னால் போகிற கார் திடீரென்று நிற்கிறது. லாரிக்காரர் பிரேக் போடுகிறார். லாரி நிற்கும். டிரெய்லர் நிற்கும். கட்டு சரியில்லை என்றால் எந்திரம் நிற்காது.

இதற்காக அமெரிக்க மத்திய அரசாங்கம் விதி வகுத்திருக்கிறது. 10,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய நாலரை டன், அல்லது அதற்கு மேல் எடையுள்ள எந்திரத்தைக் குறைந்தது நாலு கட்டுகள் போட்டுக் கட்ட வேண்டும். எல்லாக் கட்டுகளின் தாங்கும் திறனும் சேர்ந்து, எந்திரத்தின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும். பக்கெட்டைத் தூக்கியபடி விடக்கூடாது. கீழே இறக்கி அதையும் கட்ட வேண்டும். எந்திரம் நாலரை டன்னுக்குக் கொஞ்சம் குறைந்தால் விதி சற்று இளகுகிறது. விவரம் தெரிந்தவர்கள் அப்போதும் நாலு மூலைக்கும் நாலு சங்கிலி போடுவார்கள்.

ஏற்றுவதிலும் முறை உண்டு. காலி பக்கெட்டோடு இருக்கும்போது எந்திரத்தின் கனமெல்லாம் பின்புறத்தில் இருக்கும். என்ஜின் இருப்பது அங்கேதான். ஆகையால் சரிவுப் பலகையில் பின்பக்கமாகவே ஏற்ற வேண்டும். முன்பக்கமாக ஏற்றினால் அண்ணாந்து கவிழ்ந்துவிடும். டிரெய்லரில் எந்திரம் மிகவும் பின்னால் நின்றாலும் ஆபத்து. ஓடும்போது டிரெய்லர் பாம்புபோல வளைந்து ஆடும். அதனால் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் லாரியின் கொக்கிமேல் விழும்படி நிறுத்துகிறார்கள்.

இவ்வளவையும் 20 நிமிடத்தில் செய்ய வேண்டும். கூலி இல்லாத 20 நிமிடம் எப்படிப் போகும்? "பக்கத்தில்தானே போகிறோம், இரண்டு சங்கிலி போதும்" என்று மனம் சொல்லும். நல்ல மனிதருக்கும் அப்படித்தான் சொல்லும். வண்டிச் சத்தத்தை வாங்கிக்கொண்டவருக்கு அவசரம் இல்லை. அவர் நாலாவது சங்கிலியையும் நிதானமாகப் போடுவார்.

லைசென்சு விஷயத்திலும் கண் வேண்டும். லாரியும் டிரெய்லரும் சேர்ந்து தாங்கும் எடை 26,001 பவுண்டை எட்டி, அதில் டிரெய்லரின் பங்கு 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், சாதாரண லைசென்சு செல்லாது. தனிப் பரீட்சை எழுதி, தனி லைசென்சு வாங்க வேண்டும். 14,000 பவுண்டு லாரியும் 14,000 பவுண்டு டிரெய்லரும் சேர்ந்தால் 28,000! தயாரித்தவர் குறித்த எடைதான் கணக்கு. டிரெய்லர் காலியாகப் போனாலும் தப்பிக்க முடியாது. கொஞ்சம் பெரிய டிரெய்லராக இருக்கட்டுமே என்று வாங்கி, தெரியாமலே இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம்.

"இலவசம்" என்ற பேச்சு

"அடுத்த தெருக்காரர் வண்டிச் சத்தம் வாங்குவதில்லையே" என்று வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். அந்த அடுத்த தெருக்காரர் மணிக்கூலியில் அதை மறைத்திருப்பார். அல்லது நஷ்டத்தில் ஓட்டிக்கொண்டிருப்பார். மூன்றாவது வகையும் உண்டு. குறைந்த மணிக்கூலி சொல்லி வேலையைப் பிடித்துக்கொண்டு, கடைசி பில்லில் வண்டிச் சத்தத்தைச் செருகுகிறவர். இது சுத்த மோசடி. முதலில் சொல்லாத சத்தத்தைக் கடைசியில் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே எந்திரத்தை வாடகைக் கடையில் எடுத்தால் வீட்டுக்காரர் முணுமுணுப்பதில்லை. கொண்டுவந்து விட ஒரு தொகை, எடுத்துப் போக ஒரு தொகை என்று கடைக்காரர் பில்லில் அச்சடித்துக் கொடுக்கிறார். பேசாமல் கட்டிவிட்டுப் போகிறார். பெரிய கடை கேட்டால் நியாயம். தனி ஆள் கேட்டால் பேராசையா?

சத்தத்தைக் குறைக்க வழி இல்லாமலில்லை. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கலந்து பேசி, ஒரே நாளில் வேலை வைத்துக்கொள்ளலாம். அப்போது 197 டாலர் இரண்டாகப் பிரியும். ஆளுக்கு நூறு டாலருக்கும் குறைவு. காண்டிராக்டருக்கும் அரை நாள் மிச்சம். அந்த அரை நாளில் அவர் மூன்றாவது வீட்டுக்கும் போகலாம்.