தானே நிமிரும் விமானம்

1914-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி பாரிஸ் நகருக்கு அருகே பெஸான் என்னுமிடத்தில் ஸீன் நதிக்கரையில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. லாரன்ஸ் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்க இளைஞர் தமது விமானத்தை நதிக்கு மேலாக ஓட்டி வந்தார். கூட்டத்துக்கு நேரே வந்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில் அவருடைய மெக்கானிக் எமில் காஷின் எழுந்து இறக்கையின் மேல் நடந்து போனார். பாரம் ஒரு பக்கம் ஏறியதும் விமானம் சற்றே சாய்ந்தது. உடனே தானாகவே நிமிர்ந்துகொண்டது. மூன்றாம் சுற்றில் ஸ்பெர்ரியும் மற்றோர் இறக்கைக்குப் போய்விட்டார். ஓட்டுகிற ஆசனம் காலி!

அன்று அந்த அற்புதத்தைச் செய்தவை கைரோஸ்கோப் என்னும் சுழலும் சக்கரங்கள். இன்று அதே வித்தையைத் தீப்பெட்டியளவு பெட்டி ஒன்று செய்கிறது. ரேடியோவினால் இயக்கும் பொம்மை விமானங்களுக்குள் வைக்கும் ரிஸீவர்தான் அது. தரையில் நிற்பவர் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை வாங்குவதோடு, விமானம் எப்பக்கம் புரளுகிறது என்பதையும் தானே உணர்ந்து, ஸர்வோ என்னும் சிறு மோட்டார்களை அசைத்துத் திருத்துகிறது. உள்ளே சுழலும் சக்கரம் ஏதுமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஸிலிக்கன் துணுக்கு ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். விமானம் திரும்பும்போது அந்த அதிர்வு சற்றே விலகும். அதைக் கொண்டு கணக்குப் போடுகிறது.

நம்முடைய வக்கீல் நண்பர் ஒருவருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. ஆறு மாத காலம் பால்ஸா மரத்தைச் சீவிச் சீவி ஒரு விமானம் செய்தார். ஃப்ரைஸ்கை என்ற சீனக் கம்பெனியின் எஸ்-6-ஆர் ரிஸீவரை அதில் பொருத்தினார். மைதானத்தில் குச்சியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக அசைந்தன. விமானத்தைக் கையில் தூக்கி ஆட்டினார். இறக்கையின் பின் விளிம்பில் கீல் வைத்து மாட்டிய ஐலரான் பலகைகள் படபடவென்று துடித்தன. "பார்த்தீர்களா ஸார், உயிர் வந்துவிட்டது!" என்று பூரித்துப் போனார். நாமும் பூரித்தோம்.

பிறகு விமானத்தை எறிந்தார். அது கையை விட்டதும் வலப்புறம் ஒரு புரட்டுப் புரண்டது. கண்ணை இமைப்பதற்குள் தரையில் குத்தி நின்றது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் பத்தடி தூரத்தில் இருந்தார்கள். பால்ஸா போனதற்காக அன்று யாரும் வருந்தவில்லை.

நடந்தது என்னவென்றால், துடித்த பலகைகள் எந்தப் பக்கம் துடித்தன என்பதை நண்பரும் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை. குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது ஐலரான் மேலே போக வேண்டும். விமானமே வலப்புறம் சாய்ந்தாலோ, அந்தச் சாய்வை எதிர்ப்பதற்காக அதே ஐலரான் கீழே இறங்க வேண்டும். இவை இரண்டும் தனித்தனிப் பரீட்சைகள். முதலாவதில் தேறியவர் இரண்டாவதில் தேறினார் என்று சொல்வதற்கில்லை. ஸர்வோ எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது, அதன் கை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதெல்லாம் ரிஸீவருக்குத் தெரியாது. குச்சி தலைகீழாக வேலை செய்தால் டிரான்ஸ்மிட்டரில் மாற்றி விடுகிறோம். அந்த மாற்றம் குச்சியின் கட்டளையை மட்டுமே திருப்பும். ரிஸீவரின் திருத்தம் பழைய திசையிலேயே இருந்துவிடும். அப்புறம் காற்று ஒரு இறக்கையைச் சிறிது சாய்க்கும். ரிஸீவர் அதை மேலும் சாய்க்கும். வேகமாகச் சாய்கிறதே என்று இன்னும் பலமாகத் தள்ளும். கந்துவட்டி போல ஏறும் கணக்கு இது.

ஆகையால் முதலில் குச்சிகளைச் சரிசெய்துகொண்டு, பின்பே ரிஸீவருக்குப் பாடம் சொல்ல வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் சிறு திரையில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அது லுவா என்னும் கணிப்பொறி மொழியில் எழுதியது. 1993-ல் பிரேஸில் தேசத்தில் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. போர்த்துகீசியத்தில் 'லுவா' என்றால் சந்திரன். (பொம்மை விமானத்துக்குச் சந்திரனின் தயவு வேண்டியிருக்கிறது!) ரிஸீவர் மல்லாந்து கிடக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்பதையும், ஒவ்வொரு பலகையின் திருத்தம் எந்தத் திசையில் என்பதையும் அங்கே குறிக்க வேண்டும். பிறகு விமானத்தை மட்டமாக வைத்துக் குச்சிகளின் நடுநிலையையும் எல்லையையும் கற்பிக்க வேண்டும். நடுநிலையைப் பின்னால் மாற்றினால் இந்தப் பாடத்தை மறுபடியும் நடத்தியே தீரவேண்டும்.

பரீட்சை செய்வதற்கு ஒரு சுலப வழியுண்டு. வெறும் நிலைநிறுத்தும் முறையில், விமானம் அசையும்போது மட்டுமே பலகை துடித்து அடங்கிவிடும்; திசையைக் காண்பது கஷ்டம். தானாக மட்டப்படுத்தும் முறைக்கு மாற்றினால், நாம் சாய்த்துப் பிடித்திருக்கும் வரையில் பலகையும் அப்படியே நிற்கும். சாவகாசமாகப் பார்க்கலாம். மூக்கைத் தூக்கினால் வாலிலுள்ள எலிவேட்டர் கீழே இறங்க வேண்டும்.

இனி, 'கெயின்' என்னும் திருத்தத்தின் வலிமை. இதில் தாராளம் கூடாது. வேகம் இரட்டிப்பானால் பலகையின் மேல் காற்றின் பலம் நாலு மடங்காகும். மெல்லப் பறக்கும்போது ஒழுங்காயிருந்த கெயின், பாய்ந்து இறங்கும்போது அதிகப்பட்டு, இறக்கைகள் நடுக்கல் ஜுரம் கண்டவை போல உதறும். அதைக் குறைக்க ஒரு திருகு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். யந்திரத்தை அடியோடு நிறுத்த ஒரு ஸ்விட்சும் அவசியம். வாலில் பாரம் மிஞ்சிய விமானத்தின் குற்றத்தையெல்லாம் இந்த ரிஸீவர் மூடி மறைத்துவிடும் என்பதால், முதற்பறப்பில் அந்த ஸ்விட்சை அணைத்தே வைப்பது நம் கட்சி. அநுபவஸ்தர்களில் சிலர் ஒப்ப மாட்டார்கள்.

சென்ற வாரம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். புது விமானம் தயாராகிவிட்டது. அவர் கூடத்தில் நின்று அதை வலப்புறம் சாய்த்துப் பிடித்திருந்தார். அவருடைய பெண் எதிரே உட்கார்ந்து ஐலரானையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழே இறங்கியிருக்கிறது, அப்பா."

"எந்தக் கை, சொல்?"

"வலது கை."

"இன்னொரு தடவை பார்," என்றார் வக்கீல்.